சுபாவமா, சாக்கா?

கேள்வி: எனக்குப் பிறவியிலேயே சோம்பேறி சுபாவம். நாலு பேர் பார்க்க எதைச் செய்யவும் கூச்சம். ஜிம்முக்கு இரண்டு தடவை ஒரு வருடப் பணம் கட்டி, இரண்டு வாரம்கூடப் போகவில்லை. என் நாத்தனாரோ காலை ஐந்தரைக்கே மெரினாவில் இருப்பார். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாக டாக்டர் சொல்கிறார். குணத்தை மீறி உடற்பயிற்சி செய்ய முடியுமா?
– ஒரு வாசகி, கோடம்பாக்கம்

பதில்: குணத்தை ஏன் மீற வேண்டும்? உங்களுக்கு ஒத்துவராத இடத்தில் இரண்டு தடவை பணம் கட்டிவிட்டு, பழியைப் பிறவி மேல் போடுகிறீர்கள்.

ஆளுமையை ஐந்து குணங்களாக அளப்பது உளவியலில் வழக்கம்: கலகலப்பு, பொறுப்புணர்வு, எளிதில் கவலைப்படுவது, இணக்கம், புதியதில் நாட்டம். சோம்பல் என்று தனியாக ஒன்று அதில் இல்லை. கலகலப்பும் பொறுப்புணர்வும் உள்ளவர்கள் கொஞ்சம் கூடுதலாக உடற்பயிற்சி செய்கிறார்கள். கவலைப்படுகிறவர்கள் கொஞ்சம் குறைவாக. பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம்தான். ஆனால் அந்தக் 'கொஞ்சம்' தலையெழுத்து ஆகாது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வு ஒன்று 2025இல் வெளியானது. 132 பேரில் ஒரு பிரிவினருக்கு எட்டு வாரம் சைக்கிள் பயிற்சியும் தசைப் பயிற்சியும். கலகலப்பானவர்களுக்கு மூச்சு வாங்கும் கடும் பயிற்சி பிடித்திருந்தது. எளிதில் கவலைப்படுகிறவர்களுக்கு யாரும் தங்களைக் கவனிக்காமல் இருப்பது பிடித்திருந்தது. மன அழுத்தம் நன்றாகக் குறைந்ததும் இவர்களுக்குத்தான்! சுற்றிலும் கண்ணாடி, காதைப் பிளக்கும் பாட்டு, பக்கத்தில் நின்று எண்ணும் ஆள்: அங்கே உங்களுக்குக் கால் வராதது இயல்புதான்.

மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலையில் பாருங்கள். ஒரு கூட்டம் பேசிச் சிரித்தபடி நடக்கும். அவர்களை விட்டு ஒதுங்கி ஒருவர் தனியாக நடப்பார். சட்டையின் இடது பையில் புளியங்கொட்டைகள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒன்றை எடுத்து வலது பையில் போடுவார். இடது பை காலியானால் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். யாரிடமும் ஒரு வார்த்தை பேச மாட்டார். உங்கள் நாத்தனாரை விட்டுவிட்டு இவரைப் பாருங்கள்.

அப்புறம் இன்னொன்று. 2002இல் பிரிட்டனில் 248 மாணவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. மாரடைப்பின் ஆபத்தைப் படிக்க வைத்ததோடு விட்ட குழுவில் அந்த வாரம் உடற்பயிற்சி செய்தவர்கள் 35 சதவீதம். அதைப் படித்ததோடு, எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே என்றும் எழுதிக் கொடுத்தவர்களில் 91 சதவீதம். எனவே டாக்டர் பயமுறுத்தியது மட்டும் உங்களை எழுப்பாது.

இன்றைக்கே எழுதுங்கள்: "ராத்திரி சாப்பிட்டுத் தட்டைக் கழுவியதும் மொட்டைமாடியில் பதினைந்து நிமிடம்." அங்கே உங்களை யார் பார்க்கப் போகிறார்கள்? மழை என்றால் கூடத்திலேயே நடங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அங்கே மெதுவாகப் போய்ச் சேரலாம்.

இரண்டு வாரத்தில் விட்டுவிட்டேன் என்கிறீர்களே, ஒரு பழக்கம் தானாக வர சராசரியாக 66 நாள் ஆனது என்று 2010இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நடுவில் ஒரு நாள் தவறினாலும் கெட்டுப்போகவில்லை. மூன்று மாதம் கழித்து, மூன்று மாதச் சராசரி காட்டும் சர்க்கரைப் பரிசோதனையை டாக்டரிடம் கேட்டு எடுங்கள். முடிவு எதுவானாலும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருக்கிறேன்.