பசியை அடக்கும் குளிசை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பசியைக் குறைக்கும் மூலிகைக் குளிசை என்று முகநூலில் விற்றதை வாங்கி இரண்டு கிழமையாகக் குடிக்கிறேன். மூன்று கிலோ குறைந்துவிட்டது. சோற்றில் மனமே போகவில்லை. ஆனால் வாய் காய்கிறது, இரவில் நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது. குளிசை வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்? தொடரலாமா?
- வாசகி, கல்முனை

பதில்: தொடர வேண்டாம், இன்றே நிறுத்துங்கள். வாய் காய்தல், நித்திரையின்மை, படபடப்பு மூன்றும் சிபியூட்ராமின் என்ற மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவுகள். அது பசியை உண்மையாகவே அடக்கிய மருந்துதான். மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்ததும் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் 'மூலிகை' என்று விற்கும் மெலிவுக் குளிசைகளிலும் கோப்பித் தூள்களிலும் ஆய்வுகூடங்கள் அதைக் கண்டுபிடித்திருக்கின்றன. உங்கள் குளிசையில் அது உண்டா என்பதைப் பரிசோதித்தால்தான் தெரியும். ஆனாலும் சில நாட்களில் பசியை இப்படி முற்றாக நிறுத்தும் 'மூலிகை'யில், பெட்டியில் எழுதாத ஏதோ ஒன்று இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை எறிந்துவிடாமல், மிச்சக் குளிசைகளோடு அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஐந்து நிமிடம் அமர்ந்திருந்துவிட்டு பிறஷரும் நாடித்துடிப்பும் பாருங்கள். பிறஷர் 140/90ஐத் தாண்டினாலோ, சும்மா இருக்கையில் துடிப்பு 100க்கு மேல் போனாலோ அன்றே வைத்தியரைக் காண வேண்டும். மனச்சோர்வுக்கு மருந்து குடிப்பவரென்றால் அதையும் சொல்லுங்கள்; சிபியூட்ராமினோடு அது சேர்வது ஆபத்து. நெஞ்சுவலி, ஒரு பக்கம் விறைத்தல், பேச்சுக் குழறல் ஏற்பட்டால் 1990க்கு அழையுங்கள்.

மூன்று கிலோ கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. மூன்றும் கொழுப்பென்றால் 14 நாளும் தினம் 1,650 கலோரி குறைந்திருக்க வேண்டும். ஒரு பெண் நாளொன்றுக்குச் செலவழிப்பதே சுமார் 2,000தான். ஆகவே குறைந்ததில் பெரும்பங்கு நீரும் குடலில் இருந்ததும். சாப்பாடு குறைந்தால் உடல் சேமித்த மாச்சத்தும், அது பிடித்துவைத்த நீரும் முதலில் இறங்கும். மலமிளக்கி கலந்த குளிசைகளும் தராசை இப்படித்தான் ஏமாற்றும்.

நிறை குறைக்க வைத்தியர் எழுதித் தந்த மருந்தைக்கூட அளந்துதான் நம்ப வேண்டும். தொடங்க முன் ஒரு கிழமை மருந்தில்லாமல் குறிப்பெடுங்கள்: சோற்றை ஒரே கோப்பையால் அளந்து எழுதுங்கள், பகல் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னேரம் நான்கு மணிக்கும் பசிக்கு 0 முதல் 10 வரை புள்ளி போடுங்கள். நிறையைக் கிழமைக்கு ஒரு தடவை, காலையில், மலசலம் கழித்த பிறகு, வெறும் வயிற்றில், அதே தராசில் பாருங்கள். மருந்து தொடங்கிய பிறகும் அதே குறிப்பு. முழு அளவில் 12 கிழமை குடித்தும் உடல் நிறையில் 5 வீதம், அதாவது 70 கிலோ உள்ளவருக்கு 3.5 கிலோ, குறையாவிட்டால் பொதுவாக வைத்தியர்கள் நிறுத்திவிடுவார்கள். இடையில் வடையையும் ரோல்ஸையும் விட்டு, கடற்கரையில் நடக்கவும் தொடங்கியிருந்தால் முழுப் பெருமையையும் குளிசைக்குக் கொடுக்க முடியாது.

கேள்வி: கொறுக்காய்ப்புளிக் கப்சூல் பசியைக் குறைக்குமா? நீரிழிவுக்குக் கிளிக்ளசைட் குடிக்கிறேன்.
- வாசகர், மட்டக்களப்பு

பதில்: நம்பி வாங்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை. 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 135 பேர் 12 கிழமை, எல்லோரும் ஒரே விதமான குறைந்த கலோரி உணவில் இருந்தார்கள். கொறுக்காய்ச் சத்திலுள்ள ஹைட்ரொக்சிசிட்ரிக் அமிலம் தினம் 1,500 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குச் சராசரி 3.2 கிலோ குறைந்தது. மருந்தில்லாத போலிக் குளிசை எடுத்தவர்களுக்கு 4.1 கிலோ. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது. மீன் கறியில் போடும் துண்டுகளுக்குப் பயப்பட வேண்டாம்; செறிவாக்கிய கப்சூலால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு.

உங்களுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சாப்பாட்டைக் குறைத்துவிட்டுக் கிளிக்ளசைட்டை அதே அளவில் குடித்தால் சீனி மட்டம் விழும். வியர்வை, கைநடுக்கம், தலைச்சுற்று வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை குடியுங்கள். பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். உணவைக் குறைக்கப் போகிறீர்களென்றால் முதலில் கிளினிக்கில் சொல்லி மருந்தின் அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.