நன்றியுரையில் யார் பெயர்?

வணக்கம் சார்,

நாயக்கர் காலச் செப்பேடுகள் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேட்டை அடுத்த மாதம் சமர்ப்பிக்க வேண்டும். நன்றியுரை மட்டும் பாக்கி. சீனியர்கள் ஒரு மாதிரி கொடுத்தார்கள்: இறைவன், துணைவேந்தர், பதிவாளர், துறைத்தலைவர், நெறியாளர், பெற்றோர், கடைசியில் தட்டச்சு செய்தவர். என் நெறியாளர் இயல்களை முழுதாகப் படித்ததே இல்லை. நிஜமாக உதவியவர் வேறு துறைப் பேராசிரியை ஒருவர். செப்பேட்டில் 'மா' என்று நான் வாசித்திருந்த நில அளவைக் குறியை 'காணி' என்று திருத்தியவர் அவர்தான். அவருக்கும் என் நெறியாளருக்கும் ஆகாது. நூலகக் கிடங்கிலிருந்து பழைய இதழ்களைத் தேடி எடுத்துத் தந்த பெரியவர் ஒருவரும் இருக்கிறார். யாரை எழுதுவது, யாரை விடுவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் பெயர்களைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். எனக்கு வினைச்சொல்தான் முக்கியமாகப் படுகிறது. இவர் என்ன செய்தார்? அதை எழுதிவிட்டால் பாதிச் சிக்கல் தானாகவே தீரும்.

1953 ஏப்ரலில் வாட்சனும் கிரிக்கும் டிஎன்ஏ வடிவம் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை ஒரு பக்கத்துக்குச் சற்றே அதிகம். கடைசியில் நன்றி சொல்கிறார்கள். வேதியியலாளர் ஜெர்ரி டோனஹ்யூவின் ஆலோசனைக்கும் விமர்சனத்துக்கும், குறிப்பாக அணுக்களுக்கு இடையிலான தூரங்கள் விஷயத்தில், கடன்பட்டிருக்கிறோம் என்கிறார்கள். அது தெளிவு. அடுத்து, லண்டன் கிங்ஸ் கல்லூரியில் அதே டிஎன்ஏவை ஆராய்ந்துகொண்டிருந்த வில்கின்ஸ், ரோசலிண்ட் ஃபிராங்க்ளின், அவர்களுடன் பணியாற்றுவோர் ஆகியோரின் வெளியாகாத முடிவுகளின் 'பொதுவான தன்மை' தெரிந்திருந்தது தங்களுக்குத் தூண்டுதலாக இருந்ததாம். நடந்தது அவ்வளவு பொதுவானது அல்ல. ஃபிராங்க்ளினின் ஆய்வு மாணவர் ரேமண்ட் காஸ்லிங் 1952 மே மாதம் எடுத்த டிஎன்ஏ எக்ஸ்ரே படத்தை, ஃபிராங்க்ளினுக்குத் தெரியாமல் வில்கின்ஸ் வாட்சனிடம் காட்டியிருந்தார். ஃபிராங்க்ளினின் அளவீடுகள் இருந்த அறிக்கையும் கிரிக்கின் கைக்கு வந்திருந்தது. ஃபிராங்க்ளின் 1958இல் இறந்தார். நோபல் பரிசு 1962இல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் போனது. காஸ்லிங்? அந்த நன்றி வரியில் 'பணியாற்றுவோர்' என்பதற்குள் அடக்கம். உங்களைப் போல அவரும் அப்போது பிஎச்.டி. மாணவர்தான்.

இந்தப் பக்கம் உ.வே.சாமிநாதையரைப் பாருங்கள். 1887இல் சீவக சிந்தாமணியில் தொடங்கி வரிசையாக அச்சேற்றியவர். ஏடு யாரிடமிருந்து வந்தது, எந்த ஊர், எந்த மடம் என்று முகவுரைகளில் எழுதிவைப்பது அவர் வழக்கம். மரியாதைக்கு மரியாதையும் ஆயிற்று. பின்னால் வருகிற பதிப்பாசிரியருக்கு மூலபாடம் எங்கிருந்து வந்தது என்ற தடயமும் கிடைத்தது. (நம் ஆய்வேடுகளில் வரும் 'இருகரம் கூப்பி' வகை வரிகளில் எந்தத் தடயமும் இராது.)

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். நெறியாளர் உங்களைப் பதிவுசெய்துகொண்டார், தலைப்புக்கு ஒப்புதல் வாங்கித் தந்தார், அறிக்கைகளில் கையெழுத்திட்டார். இதைச் சொல்லி நன்றி சொல்லுங்கள். 'வரிக்கு வரி திருத்தினார்' என்று எழுதாதீர்கள். செய்ததைச் சொல்வதில் பொய்யும் இல்லை, பகையும் இல்லை.

பேராசிரியை விஷயம் வேறு. வேலி என்ற நில அளவில் மா என்பது இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று. அந்தத் திருத்தம் வராமல் போயிருந்தால் உங்கள் கொடை நிலம் நான்கு மடங்கு பெருத்திருக்கும். அதை வைத்து எழுதிய முடிவும் சாய்ந்திருக்கும். ஆகவே இதை உபசாரமாகப் பார்க்க முடியாது, ஆய்வுத் தகவலாகவே பதிய வேண்டும். அந்தக் குறி வரும் இடத்திலேயே அடிக்குறிப்பாகப் போடுங்கள்: முதலில் இப்படி வாசித்தேன், இன்னார் இப்படித் திருத்தினார், காரணம் இது. வாய்மொழித் தேர்வில் யாராவது கேட்டால் பதிலும் கையில் இருக்கும். துறைச் சண்டைக்குப் பயந்து நன்றியுரையில் அவர் பெயரை ஒரு வரியோடு நிறுத்த வேண்டியிருந்தால் நிறுத்துங்கள், நான் குறை சொல்ல மாட்டேன். பட்டம் வாங்காமல் வீரம் காட்டி என்ன பயன்? ஆனால் அடிக்குறிப்பை விட்டுவிடாதீர்கள். ஆய்வேடு நூலாகும்போது முன்னுரை முழுக்க உங்கள் கையில்.

அப்புறம், நண்பர்களுக்கு நன்றி சொல்லலாமா என்று தயங்க வேண்டாம். ஐன்ஸ்டைனின் 1905ஆம் ஆண்டு சார்பியல் கட்டுரையில் மேற்கோள் பட்டியலே கிடையாது. கடைசி வரியில் பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் உடன் வேலை பார்த்த நண்பர் மிஷேல் பெஸ்ஸோவுக்கு நன்றி மட்டும் உண்டு.

கிடங்குப் பெரியவரை 'நூலகப் பணியாளர்கள்' என்ற மூட்டைக்குள் கட்டிவிடாதீர்கள். அவரிடமே போய் முன்னெழுத்தோடு முழுப்பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்த இதழ்களை எடுத்துத் தந்தார் என்றும் போடுங்கள். ஓய்வு பெற்றுவிட்டால் அலுவலகத்தில் கேட்டாலும் சொல்ல ஆள் இருக்காது. துணைவேந்தரும் பதிவாளரும் ஒரே வரியில் முடியட்டும்.