கப்பலில் வந்தது மலிவு, கரையில் இறங்கியது கனம்

கேள்வி: வெளிநாட்டிலிருந்து ஆறு பெட்டி உதிரிப் பாகங்களை சிஐஎஃப் விலையில் வாங்கினேன். கப்பல் கட்டணமும் அதிலேயே அடக்கம் என்றார் விற்றவர். சரக்கு வந்ததும் இங்குள்ள ஏஜென்ட் தனியாக ஒரு பில்லை நீட்டுகிறார். மொத்த எடையே 150 கிலோதான். பில்லில் 1.14 என்று ஏதோ கணக்குப் போட்டிருக்கிறார். இது ஏமாற்று வேலையா?

பதில்: அந்த 1.14 சரியாகத்தான் இருக்கும். கன்டெய்னரில் பலருடைய சரக்கோடு சேர்ந்து வரும்போது, ஒரு கனமீட்டரையும் ஒரு டன்னையும் சமமாக வைத்து, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுவார்கள். உங்கள் பெட்டி 60×50×40 செ.மீ. என்று வையுங்கள். ஆறும் சேர்ந்து 0.72 கனமீட்டர். ஆனால் 120×100 செ.மீ. பேலட்டில் (சரக்கை அடுக்கும் மரத்தட்டு) அடுக்கினால் கீழே நான்கு, மேலே இரண்டு. பேலட்டோடு உயரம் 95 செ.மீ. மேல் வரிசையில் காலியாக இருக்கும் இடத்தையும் சேர்த்துத்தான் அளப்பார்கள்: 1.14 கனமீட்டர். காற்றுக்கும் காசுதான்!

சரி, தனி பில் ஏன்? சிஐஎஃப் என்றால் விற்பவர் துறைமுகம் வரைக்கும் கப்பல் கட்டணமும் காப்பீடும் கட்டுகிறார், அவ்வளவுதான். அந்தக் காப்பீடும் பெரும்பாலும் குறைந்தபட்ச அளவுதான். அதற்கப்புறம் துறைமுகக் கையாளுகை, கன்டெய்னரைப் பிரிக்கும் கிடங்குக் கூலி, டெலிவரி ஆர்டர் (சரக்கை விடுவிக்கும் சீட்டு) கட்டணம் எல்லாம் உங்கள் தலையில். சுங்க வரி வேறு. விற்பவர் பக்கத்து ஃபார்வர்டர் (சரக்கு அனுப்ப ஏற்பாடு செய்பவர்) கப்பல் கட்டணத்தைக் குறைத்துக் காட்டிவிட்டு, இந்தப் பக்கத்தில் வசூலித்துக்கொள்வதும் உண்டு. சரக்கு அவர்கள் கையில் இருக்கும்போது உங்களால் என்ன பேரம் பேச முடியும்?

ஒவ்வொரு கட்டணமும் எதற்கு என்று பிரித்து எழுத்தில் கேளுங்கள். 'சர்வீஸ்', 'ஹேண்ட்லிங்' என்று ஒரே வேலைக்கு இரண்டு பெயர் இருந்தால் தாராளமாகச் சண்டை போடலாம். ஆனால் இழுத்தடிக்காதீர்கள். இலவச நாட்கள் முடிந்ததும் கிடங்கு வாடகை ஓட ஆரம்பித்துவிடும்.

அடுத்த முறை எஃப்ஓபி விலையில் (கப்பலில் ஏற்றும் வரைதான் விற்பவர் செலவு) வாங்கி, ஃபார்வர்டரை நீங்களே பிடியுங்கள். இறங்கும் துறைமுகச் செலவையும் சேர்த்து முன்பே எழுதி வாங்கிவிடலாம். பேலட் வேண்டாம் என்று சொல்வதால் பெரிய மிச்சமில்லை. 0.72 ஆனாலும் பொதுவாக 1 கனமீட்டருக்குக் குறைந்து பில் போடமாட்டார்கள்.