சம்பளச் சீட்டு மெயிலில் போகிறது. சாவி யார் கையில்?

கேள்வி: திருப்பூர் ஊத்துக்குளி ரோட்டுல பனியன் கம்பெனிங்க. ஆபீஸ், மெர்ச்சண்டைசர், சூப்பர்வைசர்னு மாசச் சம்பளம் 38 பேர். டெய்லர், செக்கிங், அயர்ன் ஆளுக 110 பேருக்கு வாராவாரம் சனிக்கிழமை சம்பளம். சம்பளம் போடற சாப்ட்வேருக்கு மூணு பேர்கிட்ட டெமோ பார்த்தோமுங்க. மூணு பேருமே, "பட்டனை அமுத்துனா எல்லாத்துக்கும் பே ஸ்லிப் மெயில்ல போயிரும், பாஸ்வேர்டு போட்டுத்தான் போகும்"ங்கறாங்க. பிறந்த தேதியவே பாஸ்வேர்டா வெச்சுக்கலாம்னு அக்கவுண்ட்ஸ் தம்பி சொல்லுது. வாங்கலாமுங்களா?

பதில்: வாங்கலாம். அந்தத் தம்பி சொல்லும் பூட்டை மட்டும் போடாதீர்கள்.

18 வயதிலிருந்து 60 வயது வரை வேலை பார்ப்பவர்களை எடுத்துக்கொண்டால், அவர்களுக்கு இருக்கக்கூடிய பிறந்த தேதிகள் மொத்தமே 15,000 சொச்சம்தான். ஏடிஎம்மில் மூன்று தடவை தப்பாக அடித்தால் கார்டு முடங்கும். கையில் கிடைத்த பிடிஎஃப் ஃபைலுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் அடித்துப் பார்க்கலாம். அதற்கென்றே இருக்கும் புரோகிராம்கள், நீங்கள் ஒரு டீ குடித்து வருவதற்குள் அத்தனை தேதிகளையும் போட்டுப் பார்த்துவிடும். இவ்வளவு மெனக்கெடவும் வேண்டாம். பிறந்த நாளுக்கு ஃபிளெக்ஸ் கட்டுகிற ஊர் நம்முடையது. விற்க வருபவர் "256 பிட் என்கிரிப்ஷனுங்க" என்று சொல்வார். அது உண்மையாகவே இருக்கலாம். திண்டுக்கல் பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியை வாசல் நிலையின் மேல் வைத்துப் போனால் பூட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

பான் நம்பரையும் பிறந்த தேதியையும் சேர்த்துப் போடுவது இதைவிடத் தேவலை. ஆனால் பெரும்பாலான சம்பளச் சீட்டுகளில் பான் நம்பரே அச்சாகியிருக்கும். ஒரு மாதச் சீட்டை எட்டிப் பார்த்தவருக்கு மற்ற மாதங்களுக்கும் பாதிச் சாவி கிடைத்த மாதிரி. எனவே டெமோவில் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: ஒவ்வொருவரும் தன் பாஸ்வேர்டைத் தானே மாற்றிக்கொள்ள முடியுமா? முடியாது என்றால், ஆளுக்கு ஒன்றாக எந்த ஒழுங்கும் இல்லாத பாஸ்வேர்டை சாப்ட்வேர் உருவாக்கித் தருமா? 38 பேர்தானே, துண்டுச் சீட்டில் எழுதி நேரில் கொடுத்துவிடலாம். பாஸ்வேர்டை அதே மெயிலில் கீழே எழுதி அனுப்பும் கம்பெனிகளும் உண்டு. அதற்குப் பூட்டாமலே அனுப்பலாம்.

என்னைக் கேட்டால், ஃபைலை மெயிலில் இணைக்காமல் "சீட்டு தயார்" என்ற தகவலை மட்டும் அனுப்பி, லாகின் செய்து பார்க்கச் சொல்லும் சாப்ட்வேருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுப்பேன். மெயில் போகும் வழியில் டிஎல்எஸ் மறைப்பு இருக்கிறது என்பார்கள். அது சர்வருக்கு சர்வர் போகும் தூரத்துக்கு மட்டும்தான். போய்ச் சேர்ந்த பிறகு சீட்டு இன்பாக்ஸில் வருஷக்கணக்கில் கிடக்கும். போன் தொலைந்தால் அதுவும் போனோடு போகும்.

சீட்டில் என்னென்ன அச்சாகிறது என்பதையும் பாருங்கள். பான், யுஏஎன் என்கிற பிஎஃப் எண், பேங்க் கணக்கு எண் எல்லாவற்றிலும் கடைசி நான்கு இலக்கம் தெரிந்தால் போதும். மீதியை மறைக்க சாப்ட்வேரில் வசதி உண்டா என்று கேளுங்கள். கூடவே, டெமோ காட்டுபவர் முன்னாலேயே ஒரே பெயரில் இரண்டு ஆட்களைச் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். செந்தில்குமார் ஒருவரோடு நின்றுவிட்ட கம்பெனி கொங்கு நாட்டில் ஏது? எக்செல்லில் பெயர்ப் பத்தியை மட்டும் வரிசைப்படுத்திவிட்டு மெயில் ஐடி பத்தியை அப்படியே விட்டால், மேனேஜர் சீட்டு ஆபீஸ் பையனுக்குப் போகும். அனுப்பும் முன் பட்டியலைக் காட்டி, இன்னொருவர் சரி சொன்ன பிறகே மெயில் கிளம்ப வேண்டும். யாருக்குப் போனது, யாருக்குத் திரும்பி வந்தது என்ற பதிவும் இருக்க வேண்டும்.

மெயில் அக்கவுண்ட்ஸ் தம்பியின் சொந்த ஜிமெயிலிலிருந்து போகக் கூடாது. தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு கம்பெனி மாறுவது நம் ஊரில் வழக்கம். அவர் போகும்போது 38 பேரின் சம்பள விவரமும் கூடவே போகும்.

வாராந்திர 110 பேருக்கு மெயிலே வேண்டாம், காகிதச் சீட்டு போதும். எத்தனை ஷிப்ட், எத்தனை பீஸ், என்ன ரேட், எவ்வளவு பிடித்தம் என்று தெளிவாக இருந்தால் சரி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின் 50வது பிரிவு, ஊழியர்களுக்குச் சம்பளச் சீட்டு கொடுக்கச் சொல்கிறது. டெய்லருக்கும் அது உண்டு. மெயில் ஐடி இல்லாதவர்களுக்கு ஆபீஸிலேயே ஜிமெயில் திறந்து, பாஸ்வேர்டையும் ஆபீஸே வைத்துக்கொண்டால் அது அவருக்குக் கொடுத்ததாகாது.

இன்னொன்று. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வியாபாரத்துக்காக வாங்கியவர் பொதுவாக நுகர்வோர் கணக்கில் வரமாட்டார். பிழைப்புக்காகத் தானே தொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு, 148 பேருக்குச் சம்பளம் போடும் உங்களுக்கு அது பொருந்தாது. ஆகவே சண்டை வந்தால் கையில் இருக்கும் ஆர்டர்தான் பேசும். சர்வீஸ் ஆட்கள் ரிமோட்டில் உள்ளே வந்தால் சம்பள விவரத்தைப் பார்க்க முடியுமா, சந்தாவை நிறுத்தினால் டேட்டாவை எப்படித் திருப்பித் தருவார்கள், எப்போது அழிப்பார்கள் என்பதைக் காசு கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: கோவை கணபதியில ஒரு பவுண்டரியில வேலைங்க. போன மாசம் வேற ஒருத்தரோட பே ஸ்லிப் எனக்கு வந்துருச்சு. ஆபீஸ்ல "அழிச்சிருங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. என்னோடது யாருக்குப் போச்சோ?

பதில்: அதையே மெயிலில் எழுத்தாகக் கேளுங்கள். வந்த சீட்டை யாருக்கும் அனுப்பாமல், "தவறாக வந்தது, அழித்துவிட்டேன்" என்று பதில் போட்டு, உங்கள் சீட்டு எங்கே போனது என்றும் அதிலேயே கேட்டுவிடுங்கள். கணக்கு எண் தெரிந்ததால் மட்டும் யாரும் பணம் எடுத்துவிட முடியாது. ஆனால் உங்கள் யுஏஎன்னையும் சம்பளத்தையும் சரியாகச் சொல்லி, "உங்க பிஎஃப்ல ஒரு தப்பு இருக்குதுங்க, ஓடிபி சொல்லுங்க" என்று போன் வந்தால் நம்பத் தோன்றும். சொல்லாதீர்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 1930க்குப் பேசுங்கள். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தகுந்த ஏற்பாடு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. அந்தக் கடமைகள் 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வருகின்றன. ஆபீஸ்காரர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

கேள்வி: ஈரோட்டிலிருந்து. 600 பேருக்கு ஜிமெயில்ல அனுப்பறோம். பாதியில நின்னுருது, போனதுலயும் நெறைய ஸ்பேமுக்குப் போகுது.

பதில்: இலவச ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேர்தான். சாப்ட்வேர் மேல் தப்பில்லை. கம்பெனி பெயரில் டொமைன் வாங்கி, மெயில் நிஜமாகவே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டையும் டொமைன் விற்றவரிடமே போட்டுத் தரச் சொல்லுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் இவற்றில் கறாராக இருக்கிறது. முதல் மாதம் ஐம்பது ஐம்பது பேராக அனுப்பிப் பாருங்கள்.