அப்பா வேலையில எண்டு எவ்வளவு நாளைக்குச் சொல்லுறது?

கேள்வி: டொக்டர், நான் வெள்ளவத்தையில இருக்கிறன். 2022 நெருக்கடியில மருமகன்ட கடை படுத்து கடனும் ஏறி, ஐரோப்பாவுக்கு எண்டு ஏஜென்ட் மூலமா வெளிக்கிட்டவரை கடைசியில ரஷ்யப் படையில கொண்டே விட்டிட்டாங்கள். உக்ரைன் சண்டையில செத்திட்டார் எண்டு நாலு மாசத்துக்கு முதல் கடிதம் வந்தது, உடல் வரேல்லை. பேரனுக்கு ஆறு வயசு, அப்பா வேலையில எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறம். இப்ப ராவில பாயை நனைக்கிறான், பள்ளிக்கூடம் எண்டா வயித்துக்குத்து. சைக்கிள் எப்ப வாங்கித் தருவீங்கள் எண்டு தகப்பன்ட வாட்ஸ்அப்புக்கு வொய்ஸ் அனுப்பிக்கொண்டே இருக்கிறான். மகள் வாயே திறக்கிறாள் இல்லை.

பதில்: அம்மா, முதல்ல உடம்பைப் பாப்பம். நனைக்காம இருந்த பிள்ளை திரும்ப நனைச்சா எல்லாத்தையும் மனசில போட ஏலாது, யூரின் ஃபுல் ரிப்போர்ட் ஒண்டு எடுங்கோ, மலச்சிக்கல் இருக்கோ எண்டும் பாருங்கோ. விடாய்ச்சு விடாய்ச்சுத் தண்ணி குடிக்கிறான், மெலியிறான் எண்டா அண்டைக்கே சுகர் பாக்கவேணும். நனைச்சதுக்கு ஏசவேண்டாம்.

இனி அந்த போனுக்கு வாறன். இவ்வளவு நாளா அவன் அனுப்புற வொய்ஸுக்கு ஒற்றைச் சரி அடையாளம்தான் விழுந்திருக்கும், ரெண்டாவது வரேல்லை எண்டதை அவன் பாத்துக்கொண்டுதான் இருக்கிறான். நீங்கள் ஒளிச்சு வைச்சிருக்கிறம் எண்டு நினைக்கிறதில பாதி அவனுக்குத் தெரியும், தெரியாத மிச்சத்தை அவனே இட்டுக்கட்டுவான், நான் சைக்கிள் கேட்டதாலதான் அப்பா போனவர் எண்டு. இந்த வயசுப் பிள்ளையள் அப்பிடித்தான் கணக்குப் போடுங்கள். 2009 யுத்தத்துக்குப் பிறகு வன்னியால வந்த பிள்ளையள் கொஞ்சப்பேரைப் பாத்தனான், "அப்பா வெளிநாட்டில" எண்டு வளத்ததுகள் பத்து வயசில ஆரோ வெளியாள் சொல்லித்தான் அறிஞ்சதுகள், செத்ததை விட வீட்டாக்கள் பொய் சொன்னதிலதான் அதுகளுக்குக் கோவம்.

அதால சொல்லுங்கோ. மகள் சொன்னா நல்லது, ஏலாட்டி நீங்கள் சொல்ல அவ பக்கத்தில இருக்கட்டும். சாமியிட்ட போயிட்டார், நித்திரை எண்டெல்லாம் வேண்டாம், பிறகு நித்திரைக்கே பயப்பிடுவான். "அப்பா சண்டை நடக்கிற இடத்தில காயப்பட்டுச் செத்துப்போனார், இனி வரமாட்டார், நீ சைக்கிள் கேட்டதால இல்லை" எண்டு நேராச் சொல்லுங்கோ. கேட்டிட்டு ஒண்டும் நடக்காத மாதிரி விளையாடப் போவான், அதைப் பாத்து மனம் நோகவேண்டாம், பிள்ளையள் துக்கத்தைத் துண்டு துண்டாத்தான் படுங்கள். நாளைக்கும் அதையே கேப்பான், அதே பதிலைச் சொல்லுங்கோ. போனைப் பறிக்கவேண்டாம், தகப்பன்ட குரல் இருக்கிறதை வேற போனிலயும் எடுத்து வையுங்கோ. அந்தியேட்டிக் கிரியைக்கு அவனை ஆர்ட வீட்டிலயோ விட்டிருப்பியள் எண்டு நினைக்கிறன், இப்ப படத்துக்கு முன்னால அவன்ட கையால ஒரு பூ வைக்கட்டும். சண்டை வீடியோக்கள் கண்ணில படவிடாதேங்கோ. வகுப்பு டீச்சரிட்டயும் விஷயத்தைச் சொல்லி, அரை நாளெண்டாலும் பள்ளிக்கூடம் அனுப்புங்கோ.

பிள்ளையளில ஆறு மாசம் தாண்டியும் ஏக்கம் குறையாட்டித்தான் அதை நீடித்த துக்கம் எண்டு நாங்கள் பாக்கிறது, ஆனா இவன் சாப்பாட்டை விட்டாலோ பள்ளிக்கூடம் ஒரேயடியா மறுத்தாலோ அதுவரைக்கும் பாத்துக்கொண்டிருக்கவேண்டாம். பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரியில பிள்ளையளின்ர மனநலத்துக்கு எண்டே கிளினிக் இருக்குது, காசில்லை. தமிழ் கதைக்கிற ஆள் வேணும் எண்டு கேளுங்கோ. "அப்பாட்ட போகப்போறன்" எண்டு சொன்னா, ஆறு வயசில அது அனேகமா பாக்கவேணும் எண்ட ஆசைதான், எண்டாலும் உடன கூட்டிக்கொண்டு போங்கோ.

மகள் நித்திரை கொள்ளுறாவோ, சாப்பிடுறாவோ எண்டு நீங்கள் எழுதேல்லை. அவவையும் ஒரு டொக்டரிட்டக் காட்டுங்கோ, ராவில தாங்க ஏலாமப் போனா 1926க்கு அடிக்கலாம், அது தேசிய மனநல நிறுவகத்தின்ர நம்பர்.