மயில் மேயும் வயலில் எலிக்கு ஜிங்க் பாஸ்பைடு வைக்கலாமா?

வரப்பின் மேல் தூவுவதாக இருந்தால் வேண்டவே வேண்டாம். எலி வளைக்குள் வைத்து வாயை மண்ணால் அடைக்க முடிந்தால் மட்டும் வையுங்கள்.

இந்தக் கருஞ்சாம்பல் தூள் வயிற்று அமிலத்தில் பட்டதும் பாஸ்பீன் வாயுவை வெளிவிடும். எலியானாலும் மயிலானாலும் மனிதரானாலும் இதயம், நுரையீரல், கல்லீரல் எல்லாம் பாதிக்கப்படும். முறிவு மருந்து கிடையாது. எதில் கலக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே எது சாகும் என்பதும் இருக்கிறது: குருணை என்றால் மயில், புறா, குருவி, கருவாடு என்றால் நாய், பூனை, காகம்.

முதல் நாள் மாலை எல்லா வளைகளையும் மண்ணால் மூடிவிடுங்கள். மறுநாள் காலையில் எவை திறந்திருக்கின்றனவோ அவற்றில்தான் எலி இருக்கிறது. மற்றவற்றுக்கு மருந்து வீண். திறந்திருக்கும் வளைகளில் இரண்டு நாள் விஷம் கலக்காத, எண்ணெய் பிசறிய குருணையை மட்டும் வையுங்கள். பலர் விட்டுவிடும் படி இதுதான். பழகாத இரையை எலி கொஞ்சமாகக் கொறிக்கும், உடம்புக்கு முடியாமல் போனதும் பிறகு அதைத் தொடவே தொடாது. உடனே மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டி வரப்பெல்லாம் இறைக்கிறார்கள். மயில்கள் கொத்தாகச் சாவது இப்படித்தான்.

அடுத்து விஷ இரை. குருணை 960 கிராம், சமையல் எண்ணெய் 20 கிராம், மருந்து 20 கிராம். தண்ணீர் கலக்கவே கூடாது, ஈரம் பட்டாலே வாயு கிளம்பும். திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கம் வீச, கையுறை போட்டு, குச்சியால் கிளறுங்கள். 10 கிராம் பொட்டலமாகக் கட்டி, வளைக்குள் கை எட்டாத ஆழத்துக்குக் குச்சியால் தள்ளி, வாயை அடையுங்கள். மழை வரும்போல் இருந்தால் தள்ளிப் போடுங்கள். மிச்சத்தைச் சேமிக்காமல் கிணறு, வாய்க்காலை விட்டுத் தள்ளி ஆழமாகப் புதையுங்கள். பருவத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம்.

வெளியே செத்துக் கிடக்கும் எலிகளை விடியும் முன்பே பொறுக்கிப் புதைக்க வேண்டும். இந்த விஷம் தசையில் பெரிதாகத் தங்காது. ஆனால் செரிக்காத மருந்து குடலில் இருக்கும், எலியை முழுதாகத் தின்னும் நாய்க்கு அது போதும். புரோமடையலோன் என்ற இன்னொரு எலி மருந்து இதற்கு நேர்மாறு. அதற்கு வைட்டமின் கே1 முறிவாக உண்டு, ஆனால் எலி சாகப் பல நாள் ஆகும், விஷம் ஈரலில் தங்கிவிடும். அந்த எலிகளைத் தின்னும் ஆந்தையும் கழுகும் மெல்லச் சாகும். எலி பிடிக்க நமக்கு இருக்கும் நல்ல துணையே ஆந்தைதான்.

யாராவது ஜிங்க் பாஸ்பைடைத் தெரியாமல் விழுங்கிவிட்டால் உப்புக் கரைசல், பால், எண்ணெய் எதையும் புகட்டாதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாக்கெட்டோடு உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள், 108-ஐ அழையுங்கள். வண்டியில் ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், வாந்தியிலிருந்து வரும் வாயு உடன் வருபவரையும் தாக்கும். நாய் தின்றிருந்தால் சோறு வைக்காதீர்கள், அமிலம் கூடச் சுரந்து வாயு பெருகும்.

மயில் தினமும் இறங்கும் வயல் என்றால் என் பரிந்துரை தஞ்சாவூர்க் கிட்டி என்ற மூங்கில் எலிப்பொறிதான். வரப்பை 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்துக்குள் வைத்தால் வளை தோண்டவே எலிக்கு இடம் போதாது. ஆந்தை உட்கார அங்கங்கே குச்சி நடுங்கள். மயில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. விஷம் வைத்துக் கொன்றால் சிறைத் தண்டனை உண்டு.