சுட்ட காய் பாஸ்தா சாலட்: கேட்டவங்களுக்குப் பதில்

துபாயில் ஒரு ஓட்டலின் கோல்டு கிச்சனில் பதினோரு வருடம் சாலட் கலக்கினவன் நான். கீழக்கரைக்குத் திரும்பின பிறகு தங்கை வீட்டு விசேஷத்துக்கு இதை ஒரு சஹன் (பெரிய தாம்பாளம்) நிறையப் போட்டு வைத்தேன். பக்கத்தில் பிரியாணி இருந்தும் முதலில் காலியானது இதுதான். அன்றைக்குப் பிடித்த கேள்வி இன்னும் விடவில்லை.

எல்லாரும் முதலில் கேட்பது அளவைத்தான். நாலு பேருக்குப் பாஸ்தா 250 கிராம், நறுக்கிய காய் 600 கிராம் (சுட்டால் பாதியாகச் சுருங்கும்), எண்ணெய் ஆறு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி, பச்சை இலை ஒரு கைப்பிடி, பூண்டு ஒரு பல்.

கீழக்கரை: காக்கா (அண்ணா), நீங்க சொன்ன அளவுதான் போட்டேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தா பாஸ்தா ரப்பர் மாதிரி இருக்கு. ஏன்?

பாக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்துக்கு இறக்கியிருப்பாய். அது சுடச்சுடச் சாப்பிடுகிறவனுக்கு எழுதின நேரம்மா. குளிர்ந்தால் மாவுச்சத்து இறுகும், பழைய சோறு விறைக்கிற மாதிரி. சாலட்டுக்கு அதைவிட இரண்டு நிமிடம் கூட வேகவிடு. வடித்ததும் பச்சைத் தண்ணீரில் ஒரு அலசு. மற்ற பாஸ்தாவை நான் அலசவே விடமாட்டேன், இதில் மட்டும் மேலே இருக்கிற கஞ்சிப்பசை போகணும். தண்ணீர் சுத்தமாக வடிந்த பிறகு, கொஞ்சம் சூடு இருக்கும்போதே பாதி டிரெஸ்ஸிங்கை (எண்ணெயில் இலையும் பூண்டும் அரைத்த கலவை, கீழே சொல்கிறேன்) ஊற்றிப் புரட்டு, உள்ளே இழுத்துக்கொள்ளும். மீதியைப் பரிமாறும்போது ஊற்று. பாக்கெட்டில் டூரம் கோதுமை ரவை என்று இருக்கிறதா என்றும் பார். மைதா மக்ரோனி என்றால் கூழாகும்.

சாயல்குடி: அண்ணே, எங்க வீட்டு போர்த் தண்ணி கரிக்கும். அதுலயே வேகவச்சா உப்பு மிச்சம்தானே?

மிச்சம் பிடிக்க நினைக்கிறீர்கள், பாராட்டுகிறேன்! ஆனால் வேண்டாம். அந்தக் கரிப்பில் உப்போடு கசப்பும் சேர்ந்தே வரும், பாஸ்தா அதைக் குடித்துக்கொள்ளும். காவிரித் தண்ணீரோ விலைக்கு வாங்குகிற குடத்துத் தண்ணீரோ இரண்டரை லிட்டர் போதும். அதில் 25 கிராம் கல்லுப்பு. குளிர்ந்த பண்டத்தில் நாக்குக்கு உப்பு குறைவாகத்தான் தெரியும், அதனால் பயப்படாதீர்கள். காயை அலசுவதற்குப் போர்த் தண்ணீர் போதும்.

பாம்பன்: தம்பி, எங்கிட்ட ஓவன் இல்ல. காயைச் சுடறது எப்படி?

அக்கா, ஓவன் இருக்கிறவர்கள் 200 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துவிட்டுப் போகலாம். உங்களுக்கு இரும்புத் தோசைக்கல் போதும், பக்கத்தில் நிற்கணும், அவ்வளவுதான்.

கல் நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய் தேய்த்து, காயை ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பரப்புங்கள். குவித்துப் போட்டால் தன் தண்ணீரில் தானே வெந்து பொரியலாகிவிடும். மூன்று ஈடாகப் போடச் சோம்பல்பட்டுத்தான் பாதிப் பேர் இதைக் கெடுக்கிறார்கள். போட்டதும் கிளறாதீர்கள், அடிப்பக்கம் சிவக்கட்டும். கத்தரிக்காயை நறுக்கி உப்புத் தூவி இருபது நிமிடம் கழித்துப் பிழிந்தால் எண்ணெய் குடிக்காது. பரங்கிக்காயை முதல் ஐந்து நிமிடம் மூடி, அப்புறம் திறந்து சுடுங்கள். சின்ன வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, வெட்டின முகம் கல்லில் படவேண்டும். குடைமிளகாயை மட்டும் அடுப்பு நெருப்பிலேயே காட்டிக் கருக்கி, மூடின சட்டியில் பத்து நிமிடம் வைத்துத் தோலை உரித்துவிடுங்கள். அந்தப் புகை வாசனை ஓவனில் வராது. வெண்டைக்காய் நீளவாக்கில் வெட்டிச் சுட்டால் அருமை. பீர்க்கங்காய், சுரைக்காய் பக்கம் போகாதீர்கள், வெறும் தண்ணீர்.

ராமநாதபுரம்: பேசில் இலை இங்க எந்தக் கடையிலயும் இல்ல. துளசி போடலாமா?

துளசி வேண்டாம், கஷாய வாசனை வந்துவிடும். நீங்கள் தேடுகிற பேசில், நம் ஊர்த் திருநீற்றுப்பச்சிலைதான்! சர்பத்தில் போடுகிற சப்ஜா விதை அந்தச் செடியோடதுதான். இனம் ஒன்று, ரகம் வேறு. நம்முடையதில் காரமும் சோம்பு வாசனையும் தூக்கல், அதனால் பத்து இலை போதும். மீதிக்குக் கொத்தமல்லியும் புதினாவும். ஆரிகனோவுக்குப் பதில் ஒரே ஒரு கற்பூரவல்லி இலை. இரண்டிலும் கார்வக்ரால் என்ற எண்ணெய் இருப்பதால் வாசனை ஒத்துப்போகும். இரண்டாவது இலை போட்டால் சளி மருந்துதான்.

இலையைக் கொதிநீரில் பத்து விநாடி முக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டுப் பிழிந்து, எண்ணெயும் பூண்டும் சேர்த்து அரையுங்கள். எலுமிச்சை கடைசியில்தான். புளிப்பு பட்டு நேரமானால் பச்சை மங்கிக் காக்கி நிறமாகிவிடும். காரத்துக்கு நம் குண்டு மிளகாய் இருக்கும்போது பாட்டில் சில்லி ஃபிளேக்ஸ் எதற்கு? அதுதான் 2023-இல் புவிசார் குறியீடு வாங்கின முண்டு மிளகாய், வெளியூர்க்காரன் தேடி வாங்குகிறான். ஒன்றை வறுத்து நுணுக்கித் தூவுங்கள்.

தொண்டி: ஆலிவ் எண்ணெய் விலைக்குக் கட்டுப்படியாகலை. தேங்காயெண்ணெய்?

தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், ஃபிரிட்ஜில் வைத்தால் மெழுகு பூசின மாதிரி ஆகும். கடலை எண்ணெய் நல்லது, மூன்றில் ஒரு பங்கு நல்லெண்ணெய் கலந்தால் இன்னும் நல்லது. முழுக்க நல்லெண்ணெய் என்றால் இட்லிப்பொடி ஞாபகம்தான் வரும்.

ராமேஸ்வரம்: எங்க வீட்ல பூண்டு சேர்க்க மாட்டோம்.

இஞ்சி ஒரு துண்டு, பெருங்காயம் ஒரு சிட்டிகை. வெங்காயமும் கூடாதென்றால் பரங்கிக்காயைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

உச்சிப்புளி: காலைல செஞ்சு அரியமான் பீச்சுக்கு எடுத்துட்டுப் போனா சாயங்காலம் வரை தாங்குமா?

தாங்காது தம்பி. இதில் மட்டும் நான் விளையாட மாட்டேன். வெந்த பாஸ்தாவிலும் சோற்றிலும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி வளரும். அதன் வித்து கொதிநீரில் சாகாது. அது விடுகிற நஞ்சு ஒன்று திரும்பச் சூடாக்கினாலும் போகாது. வெளியே இரண்டு மணி நேரம், 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. நம் கடற்கரையில் என்றைக்கு 32-க்குக் கீழே இருந்தது? முந்தின ராத்திரியே செய்து ஃபிரிட்ஜில் வைத்து, மீன் கொண்டுபோகிற தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் நடுவே வை. பெட்டியை நன்றாகக் கழுவிக்கொள், இல்லாவிட்டால் சாலட் கருவாடு மணக்கும். மீந்ததை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவராதே. பூண்டு போட்ட டிரெஸ்ஸிங்கையும் மேடையில் வைக்காதே, ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாளில் முடித்துவிடு.

பாம்பன்: அண்ணே, காயை மட்டும் தின்னுட்டு எப்படி இருக்கறது? கணவாய் போடலாமா?

கடல்காரன் கேட்கிற கேள்வி! போடு. வளையமாக வெட்டி, ஈரம் துடைத்து, புகைகிற கல்லில் ஒன்றரை நிமிடம், அதற்கு மேல் ஒரு நொடி கூடாது. ஆறவிட்டுக் கடைசியில் கல. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் கிடக்கும், அப்போது நாட்டுப்படகுக்காரன் கொண்டுவருகிறதை விடிகாலையிலேயே போய்ப் பிடி. எட்டு மணிக்குப் போனால் வெறும் காய் சாலட்தான்.